நிலமும் பகடும்: பொறையும் முயற்சியும் பற்றி மலையக இலக்கியத்தை முன்னிட்டோர் ஆய்வு

மனத்திண்மை பிறப்பொடு வந்தமைவதோ, பயிற்சியால் ஈட்டப்படுவதோ என்னும் வினா பழையது. தமிழ்நூலோர் அதனைப் பயிற்சியின்பாற் படுத்தினர் என்பதிற் கருத்து வேறுபாடு பெரிதில்லை. எத்தகைய பயிற்சி என்னுமிடத்திலேயே நம்மவர் பேச்சிலும் எழுத்திலும் ஒரு மயக்கம் நெடுநாளாக இருந்துவருகின்றது. பொறுத்தலும் முயறலும் ஒன்றே எனக் கொள்வது அம்மயக்கம். தோட்டப்புறப் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களிலும், மாரியம்மன் கோயில் திருவிழாச் சொற்பொழிவுகளிலும், பொறுமையாயிரு, உழைத்துக்கொண்டேயிரு என்னும் இரண்டு கட்டளைகளும் ஒரே மூச்சிற் சொல்லப்படுகின்றன. கேட்போர் தலையசைக்கின்றனர். இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாவனவா, ஒன்றையொன்று கெடுப்பனவா என்று எவரும் வினவுவதில்லை. இக்கட்டுரை அவ்விரண்டையும் வள்ளுவர் வழிநின்று பிரித்தறிந்து, அப்பிரிவை அறியாமையால் மலையகத் தமிழிலக்கியத்தில் நேர்ந்த குறையைச் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை முன்னிட்டு ஆராய முற்படுகின்றது.

திருக்குறளிற் பொறையுடைமை அறத்துப்பாலின் இல்லறவியலில், 16ஆம் அதிகாரமாக நிற்கின்றது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய நான்கும் பொருட்பாலின் அரசியலில் 60 முதல் 63 வரையுள்ள அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்வைப்புமுறை தற்செயலாயதன்று. பொறையுடைமையிற் பேசப்படுவோன் யாவன்? தனக்குத் தீங்கு செய்தானை ஒறுக்க வல்லவனாயிருந்தும் ஒறுக்காது விடுபவன். ஒறுத்தவனையும் பொறுத்தவனையும் எதிரெதிர் நிறுத்தி ஆசிரியர் கூறுவதே இதற்குச் சான்று. ஒறுக்கும் ஆற்றல் அறவே இல்லாதவனிடத்துப் பொறை என்னும் குணத்துக்கு இடமில்லை. அவனிடத்து உள்ளது வேறு வழியின்மையே. வலியோனுக்கு அணியாக வைக்கப்பட்ட அறத்தை எளியோனுக்கு விலங்காக மாட்டுவது நூலைப் பிறழவுணர்தலாகும்.

பொறைக்கு வள்ளுவர் காட்டும் உவமை நிலம். தன்னைத் தோண்டுகின்றவரையும் தாங்குகின்ற நிலத்தைப்போல இகழ்வாரையும் பொறுக்க என்பது கருத்து. தோட்டத் தொழிலாளரிடையே பேசப் புகுந்தோர் பெரிதும் எடுத்தாளும் உவமையும் இதுவே. அங்கே கேட்டிருப்போர் விடியற்காலையில் மண்வெட்டி தூக்கி அந்நிலத்தைத் தோண்டிவந்தவர்கள் என்பதை நினைப்பின், அவர்களையே நிலமாக இருக்கச் சொல்வது நகைப்புக்கு இடனாகின்றது. இடுக்கணழியாமையிலோ உவமை வேறு. அங்கே வருவது பகடு. வழி மேடாயினும் பள்ளமாயினும் சேறாயினும், விலங்கிய இடமெல்லாம் ஊன்றி வண்டியை இழுத்துச் செல்லும் எருது. நிலம் இருந்தவிடத்திலே இருக்கும். பகடு போகவேண்டியவிடத்தை நோக்கிப் போகும். இரண்டும் வருத்தத்தைத் தாங்குவனவேயெனினும், ஒன்றன் தாங்குதலிற் செலவு இல்லை. மற்றையதன் தாங்குதல் செலவின்பொருட்டு.

ஆள்வினையுடைமையில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஊழ் கூட்டுவியாதவிடத்தும், உடம்பு வருந்திய முயற்சி தன் அளவிற்குப் பயன் தாராது ஒழியாது என்னும் கருத்தை வெளியிடுமிடத்து, அப்பயனைக் குறிக்க ஆசிரியர் ஆண்ட சொல் கூலி என்பது. இச்சொல்லினின்றே ஆங்கிலேயர் வழங்கிய இழிபெயர் பிறந்தது என்பார் பலர். உழைப்பின் உரிமைப்பயனைச் சுட்டிய சொல், கப்பலேறி, உழைப்பவனைச் சுட்டும் வசையாகி மீண்டது. இம்மாற்றத்தை நினைவிற்கொண்டே நாம் மலையக இலக்கியத்துட் புகவேண்டும்.

வடமொழி யோகநூலிற் பதஞ்சலியாரும் அப்பியாசத்தை விளக்குமிடத்து மூன்று அடைகளைத் தருகின்றார். நெடுங்காலம் செய்தல், இடையறாது செய்தல், ஆதரவோடு செய்தல் என்பன அவை. முன்னிரண்டும் நம்மவர்க்கு எளிதில் நினைவில் நிற்கின்றன. மூன்றாவது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. நெடுங்காலம் இடையறாது செய்யப்படினும், செய்வோன் தன் கருத்தையும் மதிப்பையும் அதில் வையாவிடின் அது அப்பியாசம் ஆகாது. செக்கைச் சுற்றுதலாகவே முடியும். இதனைப் பின்னர் எடுத்துக்கொள்வாம்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். கடல்கடந்த தோட்டத் தொழிலாளரைப் பற்றிய தற்காலத் தமிழிலக்கியம் இரக்கத்திற் பிறந்தது. பாரதியார் பீஜித்தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய பெண்களை நினைந்து பாடியது அதன் தோற்றுவாய். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. தலைப்பே கதையின் சுவையை அறிவிக்கின்றது. மலையகத்தின் உள்ளிருந்து எழுந்த முதற்பெருங்குரல் சி. வி. வேலுப்பிள்ளையுடையது. மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அவர், 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடும்பாட்டைச் சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கி 1969இல் தந்தார். தேயிலைச் செடியின் தூரிலே புதைந்துபோனவர்களுக்கு ஒரு நினைவுக் கல்லும் இல்லை என்னும் ஏக்கம் அப்பாட்டின் உயிர். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தமிழகத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டுவந்தோரின் கனவும் அதன் சிதைவும் பற்றியது.

இவற்றின் பெருமையை யாம் குறைத்துக் கூறுவேமல்லேம். எவரும் பாராதிருந்த ஒரு மக்களைப் பார்க்கச் செய்தன இவை. எனினும், இரக்கம் ஒரு கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடும் இயல்பினது. இரங்கத்தக்கவன் எனக் கண்ட ஒருவனை வல்லவன் எனக் காண்பது அரிது. இப்படைப்புகளிலே தொழிலாளி பெரும்பாலும் நிலமாகவே வருகின்றான். தோண்டப்படுகின்றான், தாங்குகின்றான், இறுதியில் அந்நிலத்திலேயே கலக்கின்றான். அவன் கை எதனை அறிந்திருந்தது, அவ்வறிவை எத்தனை ஆண்டிற் பெற்றது, அதனால் அவன் உள்ளத்தில் யாது விளைந்தது என்னும் வினாக்கள் எழுவதில்லை. வேலுப்பிள்ளையின் பாட்டிலே அந்தக் கை சிலவிடங்களில் மின்னி மறைகின்றது என்பது உண்மையே. எனினும் அப்பாட்டின் ஓட்டம் இரங்கற்பாவின் ஓட்டம். அது கையினிடத்தில் நின்று பாராமல் கல்லறையை நோக்கி விரைகின்றது.

விலக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதை, கொழுந்து பறிப்பதில் ஒரு பெண்ணுக்குள்ள கைத்திறனையும் அதன்மீது எழும் ஐயத்தையும் பொருளாகக் கொண்டது. அதே பெயரில் அவர் கதைத்தொகுதி 1980இல் வந்தது. இங்கே இடுக்கண் வறுமையாகவோ நோயாகவோ வரவில்லை. உன் கை இதனைச் செய்திராது என்னும் பிறர் சொல்லாக வருகின்றது. அதற்கு விடை கண்ணீர் அன்று, நிறுவை. மலையகச் சிறுகதைகளிலே இதனைத் தலையாயதென்று பலர் போற்றுவதற்குக் காரணம் அதன் கட்டுக்கோப்பு என்பர். யாமோ, தொழிலாளியின் தன்மதிப்பு அவள் தொழிற்றிறத்தில் வேரூன்றியது என்பதை அது கண்டமையே காரணம் என்போம்.

மேற்கூறிய ஈழத்துப் படைப்புகளை ஒருங்கு நோக்குவார்க்குப் பிறிதொன்றும் புலனாகும். இவை யாவும் தேயிலையைப் பற்றியன. மலையகம் என்றவுடன் நுவரெலியாவின் பனியும், பதுளையின் சரிவும், முதுகிற் கூடையும் நம் கண்முன் வருகின்றன. கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டையும் தெரணியகலையும் புலத்கொஹுபிட்டியவும் வருவதில்லை; இரத்தினபுரி மாவட்டத்து எகலியகொடையும் நிவித்திகலையும் காவத்தையும் வருவதில்லை. தேயிலையும் இறப்பரும் கலந்து நிற்கும் நிலம் அது. களனியாற்றுப் பள்ளத்தாக்கும் களுகங்கையின் மேற்பகுதியும் சேர்ந்த அவ்வெப்பமும் மழையும் மிக்க தாழ்மலைகளிலே, 1905 முதல் 1910 வரை எழுந்த விலையேற்றத்தின்போது இறப்பர் பெருகியது. அங்குள்ள தமிழர் ஒரே தொடராக வாழ்பவர் அல்லர். ஒரு தோட்டத்து லயத்துக்கும் அடுத்த தோட்டத்து லயத்துக்கும் இடையே சிங்களக் கிராமங்கள் கிடக்கின்றன. இறப்பர்த் தோட்டங்களில் அக்கிராமத்தவரும் உடன் வேலை செய்கின்றனர். தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருத்தலாற் சிங்களப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் பலர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு 7 இடங்களை வென்றது. அவற்றுள் ஒன்றேனும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைச் சேர்ந்ததன்று. பாராளுமன்றத்திற் குரலின்மையும் இலக்கியத்தில் இடமின்மையும் ஒரே காரணத்தின் இரு கிளைகள் போலும். மலேசியத் தமிழிலக்கியத்திலே பால்மரம் என்னும் சொல் ஒரு மக்களின் வாழ்வு முழுவதையும் நினைவூட்டுமளவுக்கு நிலைபெற்றிருக்க, ஈழத்து இறப்பர்மரம் இன்னும் தன் புலவனை எதிர்நோக்கி நிற்கின்றது.

இது வெறும் இடவொதுக்கீட்டுக் குறையாயின் அத்துணை வருந்தவேண்டுவதில்லை. இறப்பர்த் தொழிலினுள்ளே நாம் தொடக்கத்திற் பேசிய பொருளுக்கு மிகத் தெளிவான சான்று உண்டு என்பதே யாம் கருதுவது. ஆதலாற் பால்வெட்டைச் சற்று விரிவாக நோக்குவாம்.

இறப்பர்மரத்தின் பட்டையை வெட்டினாற் பால் வடியும் என்பது தென்னமெரிக்கக் காட்டுவாசிகள் பண்டே அறிந்தது. ஆங்கே கோடரி போன்ற கருவியால் மரத்தைக் கொத்தினர். பால் வந்தது, மரமும் புண்பட்டது. 1876இல் விக்காம் என்பார் பிரேசிலிலிருந்து கொணர்ந்த வித்துகள் இலண்டன் கியூத் தோட்டத்தில் முளைத்து, அக்கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தை அடைந்தன. பயிர் வந்தது, முறை வரவில்லை. 1890ஆம் ஆண்டுகளிற் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துத் தலைவர் ரிட்லி கண்ட முறையே இத்தொழிலை நிலைபெறச் செய்தது. அவர் கண்டது யாதெனின், புதிது புதிதாக வெட்டாமல், முன் வெட்டிய அதே விளிம்பை மிக மெல்லியதாக மீண்டும் மீண்டும் சீவிவரின், மரம் கெடாதிருப்பதோடு முதல்நாளினும் பின்னாட்களிற் பால் மிகும் என்பது. ஓங்கி வெட்டிய கை தோற்றது. சிறுகச் சீவிய கை வென்றது.

கன்று நட்டு ஆறேழு ஆண்டு கழிந்து, நடுமரம் சுற்றளவில் ஏறத்தாழ 50 சதமமீற்றர் ஆனபின்பே அதனிற் கத்தி வைப்பர். வெட்டு, மரத்தைப் பாதி சுற்றி, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து ஏறத்தாழ 30 பாகைச் சரிவாக இறங்கும். ஒருநாட் சீவலிற் போகும் பட்டை ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர். பாற்குழாய்கள் பட்டையின் உட்பகுதியிலே, மரத்தை வளர்க்கும் உயிர்ப்படைக்கு மிக அண்மையில் அடர்ந்துள்ளன. ஆழம் குறையின் பால் இல்லை. மயிரிழை மிகின் உயிர்ப்படை புண்பட்டு, பட்டை மீள வளரும்போது முடிச்சும் மேடுமாகி, அவ்விடம் பிற்காலத்து வெட்டுக்கு உதவாது போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை எந்தக் கருவியும் வெட்டுபவருக்குக் காட்டுவதில்லை. விரலும் மணிக்கட்டுமே அறிகின்றன. இரவின் குளிர்ச்சியில் மரத்தினுள் அழுத்தம் மிக்கிருத்தலாற் புலரியிலே பால் நன்கு வடியும். வெயில் ஏறத் தளரும். சில மணிநேரத்தில் வெட்டுவாய் தானே உறைந்து அடைபடும். ஆதலால், ஒருவர் ஒரு காலையில் ஏறத்தாழ 250 முதல் 300 மரங்களைத் தனியே சுற்றிவந்து வெட்டி, மீண்டும் அதே சுற்றிற் சிரட்டைகளிலுள்ள பாலை வாளியிற் சேர்த்தல் வேண்டும். மறுநாள் அம்மரங்களுக்கு ஓய்வு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே பெருவழக்கு. மழை பெய்தால் வெட்டு இல்லை. சப்பிரகமுவத்தில் மழைக்குக் குறைவில்லையாதலால், ஈரப்பட்டையைப் பார்த்துக் காத்திருத்தலும் தொழிலின் ஒரு கூறு.

இதனுள் எத்தனை வகைப் பொறுமை அடங்கியுள்ளது என்று எண்ணிப் பார்க்கலாம். ஆறாண்டு காத்தல் ஒன்று. மிகுதியாக எடுக்கும் ஆசையைக் கையினால் அடக்குதல் மற்றொன்று. ஒருநாள் விட்டுவிடுதல் இன்னொன்று; செய்யாதிருத்தலும் முயற்சியின் பகுதியாதலை இங்கே காண்கின்றோம். இவற்றுள் எதுவும் நிலத்தின் பொறுமையன்று. இகழ்ச்சியைத் தாங்குதற்கு இங்கே இடமில்லை. ஒரு பயனை நோக்கிய ஒழுங்குள்ள செலவு இது. வள்ளுவரின் பகடு சேற்றிலே இழுக்கும்போது வெறித்து ஓடாது. ஊன்றி ஊன்றி இழுக்கும். பட்டையின் விளிம்பிலே ஊன்றும் கத்தியும் அத்தகையது. இருபது முப்பது ஆண்டு இத்தொழிலைச் செய்த ஒருவரின் உள்ளத்தில் அளவறிதல், விரையாமை, எடுத்தவற்றை எண்ணாது எஞ்சியவற்றைக் காத்தல் ஆகிய பண்புகள் படியாதிருக்குமோ? படியும் எனக் கொள்வது பொருந்தும். அதனைக் காட்டுதல் இலக்கியத்தின் வேலை.

இவ்விடத்து ஒரு தடையை எழுப்புதல் நேர்மையாகும். தோட்ட உழைப்பே மனவலிமை தரும் என்றால், உழைப்பித்தவரைப் புகழ்ந்ததாக முடியாதோ? பிரெஞ்சு மெய்யியலறிஞர் சிமோன் வெய்ல், 1934 - 35இற் பாரிசு நகரத்து ஆலைகளிலே தாமே தொழிலாளியாகப் பணிசெய்து பார்த்தார். பிறர் விதித்த விரைவில், பிறர் ஏவலுக்கு, ஒரே அசைவை நாள்முழுதும் செய்தல் மனிதனை வலியுறுத்துவதில்லை, நினைக்கும் ஆற்றலையே அவனிடமிருந்து பறிக்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. இது நம் தோட்டங்களுக்கும் பெரிதும் பொருந்தும். பிரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தப்படுதல், நிறை குறைந்தால் அரைப்பேர் என எழுதப்படுதல், கங்காணியின் குரலுக்கு ஓடுதல் ஆகியவற்றிற் பயிற்சி இல்லை, தேய்வே உண்டு. பதஞ்சலியாரின் மூன்றாம் அடையை முன்னர்க் குறித்தது இதன்பொருட்டே. ஆதரவு என்பது செய்வோன் செயலிற் கொள்ளும் மதிப்பு. தீர்ப்பின் ஒரு கூறேனும் தன் கையில் இருந்தாலன்றி அம்மதிப்பு பிறவாது. பால்வெட்டுவோர் கூலி முறையால் ஆலைத் தொழிலாளரினும் உயர்ந்தவர் அல்லர். ஆயினும் அந்த மரத்தடியிலே, அந்தக் கணத்திலே, எவ்வளவு ஆழம் என்பதைத் தீர்மானிப்பவர் அவரேயன்றித் துரையல்லர். அந்தச் சிற்றிடத்திலேதான் திண்மை முளைக்கின்றது. கொழுந்து பறிப்போரிடத்தும் இது உண்டென்பதை ராமையாவின் கதை காட்டிற்று. கூட்டமாக நிரையில் நின்று பறித்தலின் அங்கே அது மறைந்து கிடக்கின்றது.

தோட்டத்து எல்லைக்கு வெளியேயும் இவ்வகை முயற்சிக்குச் சான்றுண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டப்படி, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையைப் பத்திரங்களால் நிறுவவேண்டியிருந்தது. இடையறாமை என்னும் சொல் யோகநூலிலிருந்து பதிவுக் கந்தோருக்கு வந்துசேர்ந்த விந்தையைப் பாருங்கள்! ஊருக்குப் போய்த் தாய்முகம் பார்த்து மீண்டதும் இடையறவு எனக் கணிக்கப்படலாயிற்று. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரவரே. 1952இற் சத்தியாக்கிரகம், 1964இல் இரு நாட்டுப் பிரதமர் உடன்படிக்கை, கப்பலேற்றம், 1974இல் மற்றோர் உடன்படிக்கை, 1988இல் ஒரு சட்டம் என நீண்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அவ்வழக்கு ஒருவாறு முடிந்தது. 55 ஆண்டுகள். இதற்கிடையே 1977இலும் 1981இலும் 1983இலும் எழுந்த வன்செயல்களில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்கள் தாக்குண்டு, லயங்கள் எரிந்து, குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. அங்கே காடு வெட்டிக் குடியேறினோர் மீண்டும் போரினாற் பெயர்ந்தனர். இத்துணையும் நிகழ்ந்தபின்னும் பிறப்புப் பத்திரத்தையும் பதிவுத் துண்டையும் தகரப்பெட்டியிற் காத்துவைத்த மக்களைப் பொறுமைசாலிகள் என்று மட்டும் கூறி அமைவது போதாது. அவர்கள் காத்தது பத்திரம், பொறுத்தது காலம், நோக்கியது உரிமை.

அங்ஙனமாயின், இலக்கியம் ஏன் இதனைப் பற்றாது விட்டது? எழுத்தாளரின் இரக்கத்தை ஒரு காரணமாகக் கூறினோம். வடிவமும் ஒரு காரணம் எனத் தோன்றுகின்றது. சிறுகதை ஒரு நிகழ்ச்சியை வேண்டுவது. மரம் முறிந்து விழுதல், பிள்ளை இறத்தல், துரையின் அடி, வேலைநிறுத்தம், தீ ஆகியவை நிகழ்ச்சிகள்; கதையாளன் பேனா அவற்றை நோக்கித் தானே நகரும். நாள்தோறும் ஒன்றரை மில்லிமீற்றர் சீவுதல் நிகழ்ச்சியாகாது. அதனைக் கூற நீண்ட நாவல் வேண்டும். அந்நாவலும் திருப்பங்களை நம்பாததாயிருத்தல் வேண்டும். ஒரு மரத்தின் ஒரு பக்கத்துப் பட்டை வெட்டி முடிந்து, மறுபக்கத்துக்கு மாறி, அதுவும் முடிந்து, முன்னைய பக்கம் மீள வளர்ந்து இரண்டாம் முறை கத்தி ஏற்கும் காலத்துக்குள் வெட்டுபவரின் மகள் பள்ளி முடித்து வேலைக்குச் சென்றிருப்பாள். அத்தகைய காலவளவைத் தன் அதிகாரப் பிரிவாகக் கொள்ளும் நாவலாசிரியனே சப்பிரகமுவத்தை எழுத வல்லவன். நாட்டார் பாடலிலே வேலையின் அசைவு ஓசையாக நின்றது. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என அவற்றைத் தொகுத்து 1983இல் வெளியிட்டமை நமக்குப் பேறு. ஆயினும் கூட்டமாகச் செய்யும் தொழிலிற் பாட்டுப் பெருகுதல் இயல்பு. விடியிருளில் தனியே மரத்துக்கு மரம் செல்பவர் பாடுதற்குத் துணையிலர். அவர் அறிவு பாட்டாகாமற் கையிலேயே தங்கிவிட்டது.

தொழிற்சொற்களின் நிலையும் இதுவே. வெட்டுவாய், பட்டை, சிரட்டை, ஒட்டுப்பால் எனப் புழங்கும் சொற்களும், அவற்றொடு கலந்த சிங்களச் சொற்களும், தெஹியோவிட்டையிலும் எட்டியாந்தோட்டையிலும் முதியவர் வாயில் உள்ளன. இறப்பர் நிலங்கள் பல வேறு பயிருக்கு மாறிவருகின்றமையால் இச்சொற்களும் அருகுகின்றன. எம் கல்லூரியின் பழைய மாணவருள் அப்பகுதிகளிற் கற்பிப்போர் இருப்பராயின், ஒரு விடுமுறையில் இவற்றைத் திரட்டுதல் தகும். இலக்கணப் பயிற்சி இல்லாதவர் சொல்லுவது எனத் தள்ளற்க. ஒரு தொழிலின் நுட்பத்தைச் சொல்லும் சொல்லே நாளைய நாவலின் கல்லும் மண்ணும் ஆகும்.

கேகாலை மாவட்டத்தைச் சார்ந்த ஒரு வரலாற்றைக் கூறி அமைவாம். தொழிலாளர் உருளவள்ளி என வழங்கிய நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்தின்பொருட்டுக் கையேற்றது. அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை லயங்களை விட்டு வெளியேறுமாறு பணித்தனர். அவர்கள் வெளியேறவில்லை. 1946இல் அவர்களுக்காக அயற்றோட்டங்களிலும் வேலைநிறுத்தம் எழுந்தது. அத்துமீறிய குற்றம் சாட்டி வழக்குத் தொடர்ந்தனர். நீதவான் மன்றில் தண்டிக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கு, படிப்படியாக ஏறி, இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்தை எட்டியது. 1950இல் அது தீர்ந்தது தொழிலாளி பக்கம். அத்துமீறலுக்குப் பிறரை வருத்தும் கருத்தே தலைமையாயிருத்தல் வேண்டும். இவரது கருத்தோ தாம் வாழ்ந்துவந்த இடத்திலே தொடர்ந்து வாழ்தல். ஆதலால் இது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

அவர் அந்நான்காண்டும் செய்தது யாது? கையோங்கவில்லை. கெஞ்சியதாகவும் தெரியவில்லை. தம் வீட்டுக்குள் இருந்தார். வெளிப்பார்வைக்கு இது நிலத்தின் அசைவின்மை போலவே தோன்றும். நீதிபதிகளோ அதனுள் ஒரு கருத்தைக் கண்டனர், அக்கருத்துக்குப் பெயரும் இட்டனர். மலையகத் தொழிலாளி ஒருவரின் உள்ளத்துறுதியை அவரது நோக்கத்தைக்கொண்டு அளந்த உரைநடை அது. ஆங்கிலத்திலே, சட்ட அறிக்கைத் தொகுதி ஒன்றினுள், குற்றவியல் மாணவர் மட்டும் புரட்டும் பக்கங்களில் அது கிடக்கின்றது. அதற்கு நிகரான ஒரு பக்கத்தைத் தமிழ்ப் புனைகதையில் யாம் இதுகாறும் கண்டிலேம்.